டியூப்லெஸ் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு

"அண்ணே, அடுத்த மாசம் 300 பிஆர்எம் போறேன். டியூப்லெஸ் மாத்திரலாமா?" என்று தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பிஆர்எம் என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், 300 என்பது கிலோமீட்டர். டியூப்லெஸ் என்றால் உள்ளே டியூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கிற சீலன்ட் என்ற ரப்பர் பாலை ஊற்றி ஓட்டும் டயர். 28 மி.மீ. டியூப்லெஸ் டயரில் சில வருடமாக ஓட்டுகிறேன். விலை, எடை எல்லாம் அவருக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிப் பக்கம் ஓட்டுகிறவனுக்கு லாரியைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். வெட்டிப் போட்ட கிளைகள் மேல் வண்டிகள் ஏறி ஏறி, சாலையோரம் முழுக்க முள் சிதறிக் கிடக்கும். டியூப் போட்டிருந்த காலத்தில் எட்டயபுரம் தாண்டுவதற்குள் எங்காவது சக்கரத்தைக் கழற்றிப் போட்டு உட்கார வேண்டியிருக்கும். 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம். கன்ட்ரோல், அதாவது வழியில் வந்து போனதைப் பதிவு செய்யும் இடம், தவிர வேறு எங்கும் வெளியாள் வந்து உதவக் கூடாது. பஞ்சருக்கு அரை மணி போனால் தூக்கமோ சாப்பாடோ ஒன்று போச்சு.

இப்போது முள் ஏறினால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், கெண்டைக்காலில் சீலன்ட்டின் வெள்ளைத் துளிகள், கொஞ்ச தூரத்தில் தானாக அடங்கிவிடும். வீட்டில் சைக்கிளைக் கழுவும்போதுதான் முள் ஒடிந்து டயரிலேயே நிற்பது தெரியும். 90 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டிருந்தவன் இப்போது 65 அடிக்கிறேன். பெயர்ந்த தாரில் போனாலும் மணிக்கட்டு வலிப்பதில்லை.

சரி, சீலன்ட்டுக்கு வருவோம். அந்த ரப்பர் பால் தண்ணீராக இருக்கிறவரைதான் ஓட்டையை அடைக்கும். பாட்டிலில் போட்டிருக்கிற மாதக் கணக்கு எந்தக் குளிர் ஊருக்கோ எழுதியது. நம் சித்திரை வெயிலில் அதில் பாதிகூட வரவில்லை. சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சளக் சளக்கென்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே காய்ந்த தோல்தான் மிச்சம். அதைப் பிய்த்தெடுப்பதற்குள் நகக்கண் வலித்துவிடும். வால்வு ஊசியிலும் அடைத்துக்கொள்ளும், பம்ப் அடித்தால் காற்று ஏறாது. கடையில் கேட்டால், "நல்லா குலுக்கி ஊத்துங்க சார்."

புது டயரை ரிம்மில் உட்கார வைக்கக் கைப்பம்ப் பத்தாது. வால்வில் அடாப்டர் மாட்டி, தெருமுனைப் பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். கம்ப்ரசர் குழாயை வைத்ததும் டப், டப் என்று இரண்டு வெடி, டயர் உட்கார்ந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சைக்கிளுக்குப் பால் ஊத்துற ஆளை இப்பதான் பாக்குறேன்" என்றார்.

இவ்வளவு பாடுபட்டும் டியூபைச் சுமப்பது நிற்கவில்லை. கண்ணாடி நீளமாகக் கிழித்தால் சீலன்ட் அடைக்காது. பிளக் என்ற ரப்பர் திரியை ஓட்டையில் குத்திப் பார்க்கலாம், அதுவும் நிற்காவிட்டால் உள்ளே டியூப்தான். ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தில், பிசுபிசுத்த கையோடு, அந்த இறுக்கமான டயரை ரிம்மிலிருந்து கழற்றிப் பாருங்கள் தம்பி, அப்போது தெரியும்.

நான் கழற்றுவேனா? மாட்டேன். திரும்ப டியூபுக்குப் போகிற எண்ணமே இல்லை. நீங்கள் போட வேண்டாம். இன்று காலைதான் முன் சக்கரத்துக்கு 30 மி.லி. ஊற்றினேன், பாதி வராந்தா தரையில், மீதி என் லுங்கியில். ஞாயிற்றுக்கிழமை ரைடு முடிந்த கையோடு கேட்டிருந்தால் போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.