இடஞ்சார் தரவைக் கற்க முதல் மென்பொருள்: கியூஜிஐஎஸ் மதிப்புரை

புவியியல் தகவல் முறைமையை, அதாவது இடத்தோடு இணைந்த தரவை வரைபடத்தில் வைத்து ஆராயும் முறையை, புதிதாகக் கற்க வருகிறவர்கள் எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் கியூஜிஐஎஸ் என்றே நான் சொல்லி வருகிறேன். காசில்லாமல் கிடைக்கிறது என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமானது, வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் எந்த ஆயத்தொலைவு முறையில் (இடத்தை எண்களால் குறிக்கும் முறையில்) எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை இம்மென்பொருள் எப்போதும் கண்ணெதிரே வைத்திருப்பது. இடஞ்சார் தரவில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவை. அதே மென்பொருள் உதவி செய்வதாக எண்ணி ஓரிரு இடங்களில் அந்தப் பிழையை மூடியும் விடுகிறது என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய இந்த முயற்சி 2009இல் 1.0 பதிப்பையும் 2018இல் 3.0 பதிப்பையும் எட்டியது. மூல நிரல் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கோப்புகளைப் படிப்பதற்கு ஜிடால் நிரலகத்தையும், ஒரு ஆயத்தொலைவு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு ப்ராஜ் நிரலகத்தையும் உள்ளே வைத்துக்கொண்டிருப்பதால், எந்த வடிவத்தில் தரவு வந்தாலும் அநேகமாகத் திறந்துவிடுகிறது.

புவியியல் தகவல் முறைமை என்றால் என்ன என்பதை விளக்கத்தைவிடப் பயிற்சி தெளிவாக்கும். நான் எப்போதும் பரிந்துரைப்பது 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் பரவிய காலராவின் தரவு. மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளைத் தெருவாரியாக வரைபடத்தில் குறித்து, பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றி அவை குவிந்திருப்பதைக் காட்டினார். அந்த வரைபடம் கணினித் தரவாக மாற்றப்பட்டு இணையத்தில் பரவலாகக் கிடைக்கிறது. இறப்புகள் ஓர் அடுக்கு, பம்புகள் இன்னோர் அடுக்கு, இரண்டும் புள்ளிகள். பம்புகளை வைத்து வொரோனாய் பலகோணங்கள் வரையச் சொன்னால், எந்த இடத்துக்கு எந்தப் பம்பு பக்கம் என்று பகுதி பகுதியாகப் பிரித்துத் தருகிறது. அடுத்து, ஒவ்வொரு பலகோணத்துக்குள்ளும் எத்தனை இறப்புகள் விழுகின்றன என்று எண்ணச் சொன்னால், பெரும்பங்கு பிராட் தெருப் பம்பின் பலகோணத்துக்குள் வருவது தெரியும்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, ஒவ்வொரு புள்ளியின் விவரங்களும் வரிசையாக இருக்கும் பண்பு அட்டவணையைத் திறந்து பார்க்க வேண்டும். நான் பயன்படுத்தும் தொகுப்பில் ஒரு புள்ளி என்பது ஒரு வீடு. அந்த வீட்டில் இறந்தவர்களின் எண்ணிக்கை தனிப் பத்தியில் இருக்கிறது. புள்ளிகளை மட்டும் எண்ணினால் கிடைப்பது வீடுகளின் கணக்கு, இறந்தவர்களின் கணக்கு ஆகாது. எண்ணும் கருவியிலேயே அந்தப் பத்தியை எடையாகத் தேர்ந்தெடுக்க இடம் வைத்திருக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் விடை சரியாகிறது. வரைபடத்தில் தெரியும் உருவமும் அதன் பின்னால் இருக்கும் அட்டவணையும் சேர்ந்ததுதான் இடஞ்சார் தரவு என்பது இதைவிடச் சுருக்கமாக எங்கும் விளங்குவதில்லை. ஸ்னோ பின்னர் வரைந்த வரைபடத்தில் பம்புக்கு நடந்துபோகும் தூரத்தையே கணக்கில் எடுத்திருந்தார். வொரோனாய் பலகோணமோ பறவை பறக்கும் நேர்த்தூரத்தைத்தான் அறியும். தெருக்களின் கோட்டடுக்கைச் சேர்த்துக்கொண்டு வலையமைப்புக் கருவிகளை இயக்கினால் நடைத்தூரத்தையும் கணக்கிடலாம். இதற்குத் தனிச் செருகுநிரல் எதுவும் தேவையில்லை.

இனி ஆயத்தொலைவு முறை. திரையின் வலதுகீழ் மூலையில் இ.பி.எஸ்.ஜி. 4326 என்பது போன்ற ஓர் எண், அதாவது ஆயத்தொலைவு முறையின் அடையாள எண், எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும். 4326 என்றால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாகைகளில் எழுதப்பட்டிருக்கின்றன என்று பொருள். வெவ்வேறு முறைகளில் எழுதப்பட்ட அடுக்குகளைத் திறந்தாலும், கியூஜிஐஎஸ் அவற்றை அந்தக் கணமே மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டிவிடுகிறது. பார்ப்பதற்கு இது பெரிய வசதி. கணக்கிடுவதற்கு இதுவே பொறியாகவும் ஆகிவிடுகிறது, ஏனென்றால் திரையில் பொருந்திய அடுக்குகள் கோப்புக்குள்ளும் பொருந்திவிட்டதாகப் புதியவர் நம்பிவிடுகிறார். பாகைகளில் இருக்கும் அடுக்கில் ஒரு புள்ளியைச் சுற்றி 500 மீட்டர் தூரம் வரையிலான வலயம் வேண்டும் என்று 500 எனத் தட்டினால், மென்பொருள் அதை 500 பாகை என்றே எடுத்துக்கொள்ளும். நிலநடுக்கோட்டில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்பதால், வரும் வலயம் உலகத்தையே விழுங்கிவிடும். அண்மைப் பதிப்புகளில் தூரக் கட்டத்தின் அருகே மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் தோன்றுகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அது மிகச் சிறியது, அவசரத்தில் கண்ணில் படுவதில்லை.

இதைவிடக் கடுமையாகக் குறை சொல்ல வேண்டியது, அடுக்கின் ஆயத்தொலைவு முறையை ‘அமைத்தல்’ என்பதும் ‘மாற்றுதல்’ என்பதும் ஒரே வேலை போலத் தோன்றும்படி விட்டிருப்பதை. முதலாவது பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றுகிறது, எண்களைத் தொடுவதில்லை. இரண்டாவது எண்களையே புதிதாகக் கணக்கிட்டுப் புதிய அடுக்கைத் தருகிறது. அடிக்கணக்கில் எழுதிவைத்த அளவுக்குப் பக்கத்தில் மீட்டர் என்று எழுதிவிட்டால் சுவர் நீண்டுவிடுமா? நானே தொடக்கத்தில் மீட்டரில் இருந்த அடுக்குக்கு 4326 என்று சீட்டு ஒட்டிவிட்டு, அடுக்கு எங்கே போயிற்று என்று ஒரு மாலை முழுதும் வெற்றுத் திரையைத் தேடியிருக்கிறேன். அன்று கற்ற பழக்கம் இன்றும் கைகொடுக்கிறது: முதலில் எண்களைப் பார்க்க வேண்டும். 180க்குள்ளும் 90க்குள்ளும் அடங்கும் எண்கள் என்றால் பெரும்பாலும் பாகை; ஆறேழு இலக்கங்கள் என்றால் பெரும்பாலும் மீட்டர்.

பரப்பளவிலும் இதே எச்சரிக்கை தேவை. பத்திக் கணிப்பானில் பரப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. டாலர் குறியோடு தொடங்கும் பரப்பு மாறி, திட்ட அமைப்பில் கொடுத்திருக்கும் புவிக்கோளத்தின் வளைவைக் கணக்கில் கொள்கிறது. மற்றச் சார்பு அடுக்கின் தட்டையான எண்களை மட்டும் கொண்டு கணக்கிடுகிறது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 முறையில் 60 பாகை அட்சரேகையில் உள்ள ஒரு நிலத்தை இரண்டாவது வழியில் அளந்தால், உண்மைப் பரப்பைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வரும். இரண்டுக்கும் இடையேயான வேறுபாட்டை உதவிக் குறிப்பு சொல்கிறதுதான். அதைத் திறந்து படிக்கும் பொறுமை வேண்டும்.

ராஸ்டர் தரவை, அதாவது சிறு கட்டங்களால் ஆன படத்தரவை, பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செயற்கைக்கோள் படங்களைச் சிரமமில்லாமல் திறக்கிறது. லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் பெரும்பாலும் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். சென்டினல் 2 படத்தில் மிக நுணுக்கமான கட்டம் 10 மீட்டர். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு கட்டத்துக்குள் ஒரே மதிப்புதான் இருக்கும் என்பதைக் கற்பவர் தாமே பெரிதாக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கோப்பு வடிவங்களில் பழைய ஷேப்ஃபைல் இன்றும் எங்கும் புழங்குகிறது. அது ஒரே கோப்பு போலப் பேசப்பட்டாலும் குறைந்தது மூன்று கோப்புகளின் தொகுதி. ஆயத்தொலைவு முறையைச் சொல்லும் கோப்பு நான்காவதாகத் தனியே வருகிறது, அது தொலைந்தால் மீண்டும் அதே தலைவலி. பத்தியின் பெயர் பத்து எழுத்துக்குள் நறுக்கப்படும். எழுத்துக் குறியாக்கம் சரியாக அமையாவிட்டால் தமிழில் எழுதிய ஊர்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். கியூஜிஐஎஸ் இப்போது முன்னிருப்பாக முன்வைக்கும் ஜியோபேக்கேஜ் இந்த மூன்று சிக்கல்களும் இல்லாத ஒற்றைக் கோப்பு. ஷேப்ஃபைல் கிடைத்தால் முதல் வேலையாக அதில் சேமித்துக்கொள்வது நல்லது. அதோடு, திட்டக் கோப்பில் தரவு இருப்பதில்லை, தரவு இருக்கும் பாதையும் வண்ண அமைப்பும்தான் இருக்கின்றன என்பதை யாராவது முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். திட்டக் கோப்பை மட்டும் நண்பருக்கு அனுப்பிவிட்டு, அவருக்கு ஏன் எதுவும் திறக்கவில்லை என்று குழம்புகிறவர்கள் ஏராளம்.

கருவிப் பெட்டியில் ஒரே வேலையைச் செய்யும் கருவிகள் இரண்டு மூன்று பெயர்களில் கிடப்பது புதியவரை மலைக்க வைக்கிறது. முதல் மாதத்தில் தேடல் கட்டத்தை மட்டும் நம்பி, கியூஜிஐஎஸ் தன் சொந்தமாகத் தரும் கருவிகளையே பயன்படுத்தலாம். நிறுவும்போது புதிய அம்சங்களோடு வரும் பதிப்பை விட்டுவிட்டு, நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.