கல்லூரி அணிக்கு ஜெர்சி அடிக்கக் கொடுக்கும் முன்: ராமநாதபுரம் கடைகளின் சப்ளிமேஷன் சேவை

மின்னொளி வாலிபால் போட்டியில் கல்லூரி அணி இறங்கினால், வீரர்கள் போட்டிருக்கும் அதே ஜெர்சியில் கேலரியும் இருக்க வேண்டும் என்று கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கத்து மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். செலவை ஏற்கும், வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபுராளியோ மீன் கம்பெனியோ தங்கள் பெயர் நெஞ்சில் தெரிய வேண்டும் என்கிறார்கள். இரண்டையும் சப்ளிமேஷன் என்ற சூட்டு அச்சில், ஒரே ஆர்டரில் முடித்துத் தருவதுதான் ராமநாதபுரம் நகரத்து ஜெர்சிக் கடைகளின் சேவை. அச்சு வேலை நன்றாகவே இருக்கிறது. கோளாறு அந்த ‘ஒரே ஆர்டரில்’தான். ஆடுகிறவர் சட்டைக்கும் பார்க்கிறவர் சட்டைக்கும் தேவை வேறு, தனித்தனியாகக் கொடுங்கள்.

ஆடுகிறவர் சட்டைக்கு விதிப்புத்தகம்தான் அளவுகோல். வாலிபாலில் எண் முன்னும் பின்னும் நடுவில் இருக்க வேண்டும். நெஞ்சில் குறைந்தது 15 செ.மீ. உயரம், முதுகில் 20 செ.மீ., எண்ணின் கோடு 2 செ.மீ. அகலம். கேப்டனுக்கு நெஞ்சு எண்ணின் கீழே 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை. பின்வரிசையில் தடுத்தாடும் லிபரோவின் சட்டை மற்றவர்களுடையதிலிருந்து தெளிவாக வேறு நிறம். கடையில் டிசைன் போடுபவர் முதலில் ஸ்பான்சர் லோகோவை நடுவில் வைத்து, மிஞ்சிய இடத்தில் எண்ணைச் சுருக்குவார். பணம் கொடுத்தவருக்கு அது பிடிக்கும், நடுவர் ஒத்துக்கொள்ள மாட்டார். எண்ணை முதலில் வைக்கச் சொல்லுங்கள்; லோகோ அதற்கு மேலேயோ கையிலோ போகட்டும். எண்ணின் நிறமும் முக்கியம். வெள்ளையில் மஞ்சள், கருநீலத்தில் சிவப்பு இரண்டும் மின்னொளியில் ஸ்கோரர் மேசையிலிருந்து படிக்க முடியாது.

சப்ளிமேஷனில் மை சூட்டில் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் இறங்குகிறது. அதனால் வியர்வை, உப்புக்காற்று, துவைப்பு எதற்கும் உரிவதில்லை. கடலோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான அச்சு இல்லை. சூடு வைத்து ஒட்டும் ரப்பர் எண்கள் வெயிலில் காய்ந்து, மடித்த இடத்தில் வெடித்துவிடும், அவற்றை வாங்காதீர்கள். ஆனால் சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. வெள்ளைத் துணிமேல்தான் அடிக்க முடியும், வெள்ளை என்பது அடிக்காமல் விட்ட இடம். அழுத்தும் சூடு சுமார் 200 டிகிரி செல்சியஸ். அது குறைந்தால் கறுப்பு பழுப்படிக்கும், கூடினால் வெள்ளை மஞ்சளாகும். அழுத்தும்போது தாள் நகர்ந்தால் எழுத்துக்கு நிழல் விழும். சாம்பிள் சட்டையில் கறுப்பையும் எழுத்தின் ஓரத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். போனில் பார்த்த நிறம் துணியில் அப்படியே வராது.

துணி 140 முதல் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) போதும். 180-ஐத் தாண்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மூன்றாவது செட்டுக்குள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கடை சொல்லும் எண்ணைச் சோதிக்க எளிய வழி உண்டு. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி நகைக்கடைத் தராசில் வையுங்கள். 160 ஜிஎஸ்எம் என்றால் 1.6 கிராம் காட்ட வேண்டும்.

ரசிகர் சட்டையில் நடக்கும் தவறு வேறு. பலர் காட்டன் கேட்கிறார்கள். காட்டனில் சப்ளிமேஷன் பிடிக்காது, கலப்புத் துணியில் சில துவைப்பில் வெளுத்துப்போகும். காட்டன்தான் வேண்டுமென்றால் ஸ்கிரீன் பிரிண்ட் கேளுங்கள். சைஸ் பட்டியலை வாட்ஸ்அப்பில் எஸ், எம், எல் என்று திரட்டாதீர்கள், மார்புச் சுற்றளவை அங்குலத்தில் வாங்குங்கள். பெயரைத் தமிழில் போடுவதானால் கூடுதல் கவனம் வேண்டும். யூனிகோடில் அனுப்பியதைப் பழைய பாமினி எழுத்துருவில் திறந்தால் எழுத்துகள் குலைந்துபோகும். டிசைன் போட்டவரிடமே எழுத்தைக் ‘கர்வ்’ (எழுத்துரு இல்லாமலே மாறாமல் நிற்கும் கோட்டு வடிவம்) ஆக்கி, படமாக அனுப்பச் சொல்லி எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆர்டர் எடுப்பது மட்டும் இங்கே, அச்சும் தையலும் திருப்பூரில் என்றால், ஒரு எழுத்துப் பிழைக்கும் சட்டை மறுபடி அங்கே போய்த்தான் வர வேண்டும்.

கேலரியில் நட்சத்திர வீரரின் பெயரும் எண்ணும் போட்ட சட்டை விற்பது இந்தச் சேவையின் புதுப் பகுதி. இதில் கடைகளும் மாணவர் குழுக்களும் அந்த வீரரைக் கேட்காமலேயே அடிக்கும் பழக்கம் சரியில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 2021 ஜூலை வரை வீரர் தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கவே தடை இருந்தது. 2025 ஜூலையிலிருந்து, ஒரு நீதிமன்ற உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம்; முதல் ஆண்டில் ஒவ்வொன்றுக்கும் வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். நம் பையனுக்கு அவ்வளவு வேண்டாம். சட்டைக்கு இவ்வளவு என்று எழுதி, அவர் ஷூவுக்கும் பயணத்துக்கும் கொடுத்தால் போதும். ஆர்டர் சீட்டிலேயே அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நாள் கணக்கில் கடை சொல்வதற்கு மேல் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அணியின் 12 சட்டைகளையும் முதலில் வாங்கி, ஸ்கேலால் எண்ணை அளந்து பார்த்த பிறகு ரசிகர் சட்டைக்கு முன்பணம் கொடுங்கள்.