மயிலாப்பூர் குரல் வகுப்பு: எட்டு வாரமும் ஒரு ஸ்டீல் ஸ்ட்ராவும்

பெரம்பூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் 16 வருடமாகப் பாடுகிறேன். சத்தத்துக்கு என்னிடம் பஞ்சமே கிடையாது, ஆனால் போனில் பதிவு செய்து கேட்டால் தகர டப்பாவைத் தட்டியது போல இருக்கும். கனம் இல்லை, கார்வை இல்லை. இதைச் சரி செய்யத்தான் மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். எட்டு சனிக்கிழமை, 6,000 ரூபாய், முழுப் பணமும் முதல் நாளே கட்டிவிட வேண்டும்.

இதற்கு முன்னால் வேறு ஓர் இடத்தில் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். அங்கே வந்த ஆண்கள் எல்லோரையும் 3 கட்டை என்ற உயரமான சுருதியில் நிறுத்திவிட்டு 'வயிற்றிலிருந்து பாடுங்க, தொண்டையைத் திறங்க' என்பார்கள், எப்படித் திறப்பது என்று கேட்டால் 'இன்னும் நல்லா திறங்க' என்பார்கள். நானும் கத்தினேன். ஒரு மாதத்துக்குக் குரல் கட்டிப்போய், இ.என்.டி. டாக்டர் கேமராவை விட்டுப் பார்த்து, குரல்நாண் வீங்கியிருக்கிறது, பத்து நாள் வாயைத் திறக்காதீர்கள் என்றார். வீட்டில் அந்தப் பத்து நாளும் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள், அது வேறு விஷயம்.

அதனால் இந்த வகுப்புக்குப் பயந்துகொண்டேதான் போனேன். பெரம்பூரிலிருந்து 29சி, நேர் பஸ்தான், ஆனால் மெட்ரோ வேலை நடப்பதால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டக்டருக்கே தெரியாது. சொல்லிக்கொடுப்பவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கர்நாடக சங்கீதக்காரர். மற்றவர்கள் எல்லாம் 'மாமி' என்றார்கள், எனக்குக் கூச்சமாக இருந்ததால் 'டீச்சர்' என்றே கூப்பிட்டேன், அவர் என்னை 'சார்' என்றார், கடைசி வரை அப்படியே ஓடிவிட்டது.

முதல் நாள் பாடவே விடவில்லை. "மாங்காய் சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். "அதில் அந்த ங்-கை மட்டும் பிடிச்சு இழுங்க." மாங்ங்ங்ங் என்று இழுத்தபோது மூக்குத் தண்டும் கன்னத்து எலும்பும் லேசாக அதிர்ந்தன. கை வைத்துப் பார்த்தால் தெரிகிறது. அந்த அதிர்வை விடாமல் மெதுவாக ஆ-வுக்குப் போகச் சொன்னார். பத்துத் தடவை தவறி, பதினோராவது தடவை வந்த ஆ என்னுடைய குரல் மாதிரியே இல்லை. உடனே "இப்போ மூக்கைப் பிடிங்க" என்றார். ங் இழுக்கும்போது மூக்கைப் பிடித்தால் சத்தம் நின்றுவிட வேண்டும், ஆ பாடும்போது பிடித்தால் ஒன்றும் மாறக்கூடாது. எனக்கு மாறியது. அதாவது இத்தனை வருடமும் கார்வை என்று நினைத்துக்கொண்டு பாதி மூக்கால் பாடியிருக்கிறேன்.

காரணத்தையும் சொன்னார், அதுதான் எனக்குப் பிடித்தது. வீணையில் தந்தி மட்டும் இருந்தால் கொசு ரீங்காரம்தான், நாதம் கொடுப்பது பலாமரக் குடம். நம் தொண்டையிலும் குரல்நாண் எழுப்புவது வெறும் ரீங்காரம், அதற்கு மேலே உதடு வரை இருக்கிற குழாய்தான் (வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 செ.மீ.) அதைக் குரலாக ஆக்குகிறது. நாக்கின் அடிப்பகுதி இறுகினாலோ தாடை பூட்டிக்கொண்டாலோ குடம் நசுங்கிய மாதிரி. பயிற்சி பெற்ற மேற்கத்திய ஓபரா பாடகர்கள் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கத்தில் சத்தம் கூடுகிற ஒரு மேடு இருக்கும், மைக் இல்லாமலே ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி அவர்கள் குரல் கேட்பதற்கு அதுதான் காரணம். தன் போனில் ஓர் ஆப்பைத் திறந்து என் குரலைக் காட்டினார். அந்த இடம் வேளச்சேரி ஏரி வற்றிய மாதிரி இருந்தது.

வீட்டுப் பாடம் ஸ்ட்ரா. அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு விரற்கடை முக்கி, குமிழி விட்டுக்கொண்டே ஸ்ட்ரா வழியாக சரிகம ஏறி இறங்க வேண்டும். எதிர்க்காற்று திரும்பித் தள்ளுவதால் குரல்நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாது, தொண்டையும் தானாக இளகும். பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2019-லேயே தடை வந்துவிட்டதால் காகித ஸ்ட்ரா வாங்கினேன், அது ஜண்டை வரிசைக்குள் (ஸ்வரங்களை இரட்டித்துப் பாடும் பயிற்சி) ஊறிப் பிய்ந்துவிடுகிறது. கடைசியில் ஒரு ஸ்டீல் ஸ்ட்ரா வாங்கிவிட்டேன். தினமும் பத்து நிமிடம். என்னைக் கேட்டால் 6,000 ரூபாயில் பாதி இதற்கே தகும்.

அப்புறம் சுருதி. எனக்கு 3 கட்டை அல்ல, ஒன்றரைக் கட்டை, கீபோர்டில் சி ஷார்ப். அங்கே இறக்கிய நாளிலேயே குரலில் கனம் வந்துவிட்டது. கூட வந்த ஒரு பையன் மிளகு கல்கண்டு சாப்பிடலாமா என்று கேட்டான். "தாராளமா சாப்பிடு. ஆனா நீ விழுங்கறது எதுவும் குரல்நாண் மேல படாது, பட்டால் புரையேறும்" என்றார்.

குறைகளும் உண்டு. ஒரு நாள்கூட நேரத்துக்கு ஆரம்பித்ததில்லை, கால் மணி நேரம் காபியிலேயே போய்விடும். ஒரு வகுப்பு தவறினால் தவறியதுதான், ஈடு கிடையாது. ஒரே நேரத்தில் ஏழு பேர், ஆளுக்கு எட்டு நிமிடம் தனியாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். இன்னொன்று, அந்த மாடி அறை வெறும் டைல்ஸ் தரையும் மொட்டைச் சுவரும், குளியலறை மாதிரி எல்லோர் குரலும் அங்கே நன்றாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரம் நான் பெரிய பாடகன் ஆகிவிட்டதாக நினைத்து, வீட்டில் திரைச்சீலையும் மெத்தையும் இருக்கிற அறையில் பதிவு செய்து கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. சேருகிறவர்கள் வாராவாரம் வீட்டில் ஒரே இடத்தில், போனை ஒரே தூரத்தில் வைத்துப் பதிவு செய்து ஒப்பிடுங்கள், அறையை நம்பாதீர்கள். கீர்த்தனை கற்க வேண்டும் என்று போனால் ஏமாற்றம்தான், எட்டு வாரத்தில் ஒரு பாட்டுக்கூட முழுதாகச் சொல்லித்தரவில்லை. குரல் கட்டியிருக்கும்போதும் போகாதீர்கள், முதலில் டாக்டர்.

எட்டாவது வாரப் பதிவை முதல் வாரத்தோடு போட்டுக் கேட்டேன். தகர டப்பா முழுதாகப் போகவில்லை, மேல் ஸ்தாயியில் இன்னும் எட்டிப் பார்க்கிறது, ஆனால் கீழே நல்ல பித்தளைச் சத்தம். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழுத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார், பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அண்ணே, உங்க குரல் மட்டும் தனியா துருத்திட்டுக் கேக்குது, அடுத்த வாரம் கொஞ்சம் பின்வரிசைல நில்லுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.