சைக்கிளா, கேம்பர்வேனா? ரெண்டும் பண்ணிப் பாத்தாச்சு

ஐரோப்பால ரோட் ட்ரிப் போறோம், சைக்கிளும் ஓட்டணும், கேம்பர்வேன் (உள்ளயே படுத்து, சமைச்சுக்கிற வண்டி) எடுக்கலாமா இல்ல வெறும் சைக்கிள்லயே போயிடலாமான்னு கேட்டா, எந்த ரூட்டுன்னுதான் நான் முதல்ல கேப்பேன். நானும் வீட்டுக்காரம்மாவும் ஒரு வருஷம் டான்யூப் ஆத்தோரமா ஜெர்மனி பாஸாவ்ல இருந்து வியன்னா வரைக்கும் சைக்கிள்ல போனோம், அடுத்த வருஷம் வேன் வாடகைக்கு எடுத்து பின்னாடி அதே சைக்கிள மாட்டிக்கிட்டு கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் போனோம்.

டான்யூப் ரூட் சுமார் 320 கிலோமீட்டர், அட்லாண்டிக்ல ஆரம்பிச்சு கருங்கடல் வரைக்கும் போற யூரோவெலோ 6ங்கிற நீள சைக்கிள் பாதைல ஒரு துண்டு. ஆத்தோட போக்குலயே போறதால மேடுன்னு பெருசா எதுவும் இல்ல, தினம் 45, 50 கிலோமீட்டர் மிதிச்சு ஏழு நாள்ல முடிச்சோம், எங்கள மாதிரி ஆபீஸ் உடம்புக்கே அது போதும். ஷ்லோகென்ங்கிற இடத்துல ஆறு அப்படியே யூ டர்ன் அடிக்குது, அங்க ஒரு குட்டிப் படகுல சைக்கிளோட ஏத்தி அக்கரையில விடுறாங்க. மெல்க்ல இருந்து கிரெம்ஸ் வரைக்கும் இருக்கிற வாஹாவ் பள்ளத்தாக்குதான் உச்சம். ஜூலைல போனா ஆப்ரிகாட் சீசன், அவங்க ஊர்ல அதுக்கு மாரில்லன்னு பேரு. தோட்டத்து வாசல்ல ஒரு மேஜை, அதுல பழக்கூடை, காசு போட ஒரு டப்பா, ஆளே கிடையாது. ஒரு கால தரையில ஊனிக்கிட்டே அரைக்கிலோ தின்னு தீத்தோம். இதே இடத்துல வேன்ல போயிருந்தா, பின்னாடி கார்க்காரன் ஒட்டிக்கிட்டு வர்றப்போ ஆறு மீட்டர் வண்டிய எங்க நிறுத்துறது?

ஆனா மழை. லின்ஸ்ல இருந்து க்ரைன் போன அன்னைக்கு நாள் பூரா கொட்டுச்சு, சாக்ஸ பிழிஞ்சா தண்ணி ஊத்துது, ஈரக் கூடாரத்த மடிச்சு வச்சா பை ரெண்டு மடங்கு கனம். ஆஸ்திரியால கண்ட இடத்துல கூடாரம் போடவும் முடியாது, செத்தாலும் கேம்ப்சைட் வரைக்கும் மிதிச்சே ஆகணும். அன்னைக்கு ராத்திரி அவ எங்கிட்ட பேசவே இல்ல.

அதனாலதான் அடுத்த வருஷம் வேன்.

வேன்ல மழை ஒரு பிரச்சினையே இல்ல, உள்ள உக்காந்து ரசம் வச்சு சாப்பிட்டோம் (தாளிச்ச வாசனை ரெண்டு நாள் போகல, மெத்தைல கூட). ஆனா வண்டியோட சேந்து வேலையும் வருது. டாய்லெட் டப்பாவ தூக்கிட்டுப் போய் கொட்டணும், அது யாரு முறைன்னு தினமும் பஞ்சாயத்து. உயரம் ரெண்டரை மீட்டருக்கு மேல, சூப்பர்மார்க்கெட் பார்க்கிங் வாசல்ல இருக்கிற கம்பிய பாத்தாலே வயித்தக் கலக்கும். சாதா கார் லைசன்ஸ்ல மூணரை டன் வரைக்கும்தான் ஓட்டலாம், தண்ணி, கேஸ், சைக்கிள், அரிசி மூட்டைன்னு ஏத்தினா அது சீக்கிரமே நெருங்கிடும். ஸ்விஸ் ஹைவேல ஏறினா 40 ஃப்ராங்க் டோல் ஸ்டிக்கர் ஒட்டணும், ஒரு நாளைக்கு மட்டும்னு கிடையாது, வருஷத்துக்குத்தான், அதனால நாங்க ஊர் ரோட்லயே உருட்டிட்டோம். வாடகை எங்களுக்கு நாளுக்கு 120 யூரோ ஆச்சு, திருப்பிக் குடுக்கிறப்போ எப்பவோ இருந்த கீறலுக்கு டெபாசிட்ல பிடிச்சாங்க, எடுக்கும்போதே வீடியோ எடுக்காதது என் தப்பு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். வேன் விட்ட இடத்துலயேதான் நிக்கும். டான்யூப் மாதிரி நேர் ரூட்ல வேன கொண்டு போனா ஒண்ணு அது பாஸாவ்ல சும்மா நின்னு வாடகைய தின்னும், இல்லன்னா ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் மிதிக்கணும், அப்புறம் எதுக்கு ஜோடியா வந்தோம்? கான்ஸ்டன்ஸ் ஏரில இது வரல, ஏன்னா அது வட்டம், சுத்தி வந்தா சுமார் 260 கிலோமீட்டர், ஜெர்மனி, ஸ்விஸ், ஆஸ்திரியா மூணு நாட்டையும் தொட்டுரலாம். ஒரே கேம்ப்சைட்ல வண்டிய போட்டுட்டு தினம் ஒரு பக்கம் மிதிச்சோம், களைச்சா மேர்ஸ்பர்க்ல ஃபெரி ஏறி கான்ஸ்டன்ஸ் ஊருக்கு வந்துட்டோம். பை கிடையாது, வெறும் தண்ணி பாட்டில்தான், அந்த லேசுக்கு ஈடே இல்ல.

ஆறுன்னா சைக்கிள், ஏரி, மலைன்னா வேன், இதான் என் கணக்கு. சைக்கிள் மட்டும்னா திரும்பி வர்ற ட்ரெயின முன்னாடியே புக் பண்ணிருங்க, ஐசிஇன்னு சொல்ற ஜெர்மன் அதிவேக ட்ரெயின்ல சைக்கிளுக்குத் தனி ரிசர்வேஷன் வேணும், கோடைல சீக்கிரம் தீந்துடும்.

ரெண்டும் ஒத்து வர்ற ஒரு இடம் இப்பதான் கண்ணுல பட்டிருக்கு. இத்தாலி இன்னிகென்ல வேன நிறுத்திட்டு ஆஸ்திரியா லீன்ஸ் வரைக்கும் ட்ராவ் ஆத்தோரம் 45 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுக்க இறக்கம், அங்கிருந்து சைக்கிளோட ட்ரெயின் ஏறி வேனுக்கே வந்துடலாம். வழில லோக்கர் வேஃபர் கடை வேற இருக்காம், அதுக்கே வீட்டுக்காரம்மா சரின்னுட்டா. இத்தாலில வண்டிக்குப் பின்னாடி சைக்கிள் மாட்டினா சிவப்பு வெள்ளை கோடு போட்ட பலகை கட்டாயம், அத மட்டும் இன்னும் வாங்கல.