பழைய சிட்டியா, பழைய வென்டோவா? வேலூர்க்காரனின் கணக்கு

ஏழு லட்சத்துக்குள் ஒரு ஆட்டோமேட்டிக் பெட்ரோல் செடான், வயது எட்டுக்கு மேல் போகக் கூடாது. இப்படித் தேடினால் நம்ம பக்கம் கடைசியில் மூன்று வண்டிதான் தேறும். கொரிய வண்டி ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருப்பதால் அதை விட்டுவிட்டேன். மிச்சம் இரண்டு: நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டி சி.வி.டி., ஃபோக்ஸ்வேகன் வென்டோ 1.2 டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல் இஞ்சின்) டி.எஸ்.ஜி. சி.வி.டி.யும் டி.எஸ்.ஜி.யும் இரண்டு வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஒன்று ஜப்பான், ஒன்று ஜெர்மனி. நான் சிட்டியை எடுத்தேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓட்டும் சுகத்தில் வென்டோ முந்துகிறது, அதில் பேச்சே இல்லை. சிட்டி 119 பி.எஸ்., வென்டோ 105 பி.எஸ். என்று தாளில் போட்டிருந்தாலும், டர்போவின் 175 என்.எம். இழுவை கீழ் வேகத்திலேயே வந்துவிடும். சிட்டியின் 145-ஐ வாங்க இஞ்சினைக் கத்த வைக்க வேண்டும். ஆம்பூர் தாண்டி பெங்களூர் ரோட்டில் நூறில் போகும்போது வென்டோ தரையைப் பிடித்துக்கொண்டு போகும். கதவைச் சாத்தினால் வரும் அந்தக் கனமான சத்தத்துக்கே பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள். பின்சீட்டில் கால் நீட்ட இடம் சிட்டியில்தான் அதிகம். அப்பா, அம்மாவை வைத்து ஓட்டுபவர்களுக்கு அது பெரிய விஷயம்.

மைலேஜைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கம்பெனி சொல்லும் கணக்கில் இரண்டும் லிட்டருக்கு 18 கி.மீ.யை ஒட்டித்தான். நிஜத்தில் ஒன்று 15 கொடுத்து இன்னொன்று 14 கொடுத்தால் என்ன ஆகும்? மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் ஐந்து லிட்டர்கூட வராது. ஐந்நூறு ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு ஆறாயிரம். டயர், இன்சூரன்ஸ், ஆயில் சர்வீஸ் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, ஓட்டும் செலவு என்ற பெயரில் நாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் பாதி சமாச்சாரத்தில் பெரிய வேறுபாடு கிடையாது.

வேறுபாடு கியர்பாக்ஸில் இருக்கிறது.

வென்டோவில் இருப்பது ஏழு கியர் டி.எஸ்.ஜி., டி.க்யூ.200 என்ற வகை. உள்ளே இரண்டு கிளட்ச்: ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கும் ரிவர்ஸுக்கும் ஒன்று. இரண்டும் எண்ணெயில் முங்காத உலர் கிளட்ச். அவற்றை இயக்கும் மூளையும் கையும் சேர்ந்த ஒரே பெட்டிக்கு மெக்கட்ரானிக் என்று பெயர். ரோடு காலியாக இருந்தால் இதைப்போல் மின்னலாகக் கியர் மாற்றும் வண்டி இந்த விலையில் வேறு இல்லை. ஊர்ந்து ஊர்ந்து போகும்போதுதான் வினை. வண்டி நடைவேகத்தில் நகரும்போது கிளட்ச் முழுசாகப் பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. பாதியில் உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு.

இப்போது நம்ம ஊரை நினைத்துப் பாருங்கள். கிரீன் சர்க்கிளில் மாலை ஐந்து மணி. சி.எம்.சி. முன்னால் ஆம்புலன்ஸும் ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். மே மாதம் என்றால் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும், நம்ம பேப்பர் பாஷையில் 104, 108. ஃபோக்ஸ்வேகனே 2013-இல் இந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி.க்காக லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்து, செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றியது. வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில், நின்று நின்று ஓடும் போக்குவரத்தில் மின்கோளாறு வரக்கூடும் என்பதுதான் அப்போது சொன்ன காரணம். ஈரத்தைத் தவிர மற்றதெல்லாம் வேலூருக்கு அப்படியே பொருந்துகிறது.

சிட்டியின் சி.வி.டி.யில் கியரே கிடையாது. இரண்டு கப்பிக்கு நடுவே ஒரு எஃகு பெல்ட், முன்னால் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் ஒரு டார்க் கன்வெர்ட்டர். ஊர்ந்து போகும்போது ஏற்படும் வழுக்கலை அதிலுள்ள எண்ணெய் வாங்கிக்கொள்கிறது, தேய்ந்து போக உலர்ந்த பிளேட் இல்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும், எரிச்சலாகத்தான் இருக்கும். ஹோண்டா சொல்லும் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், காலத்தில் மாற்றவும் வேண்டும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டு பெல்ட் போனால் இதிலும் செலவு பழுத்துவிடும். என் வண்டி இன்னும் லட்சம் கி.மீ.யைத் தொடவில்லை. ஏலகிரி மாதிரி மலை ரோட்டில் அடிக்கடி ஏற்றி இறக்கியதும் இல்லை. அதற்கு அப்பால் என் அனுபவத்தை வைத்து உத்தரவாதம் தர முடியாது.

வாங்கும் முன்னால் எங்கள் மெக்கானிக் பாயிடம் இரண்டு பெயரையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஹோண்டான்னா காலையில விட்டுட்டு சாயந்திரம் எடுத்துக்கோங்க சார். அதுன்னா சாவியை வெச்சிட்டுப் போங்க, நானே போன் பண்றேன்.”

இதில் கேலி இருந்தாலும் கணக்கும் இருக்கிறது. சிட்டி என்ற பெயர் இந்தியாவில் 1998-இலிருந்து ஓடுகிறது. பிரேக் பேட், லோயர் ஆர்ம், புஷ், இஞ்சின் மவுண்ட் எல்லாம் நம்ம ஊர்க் கடையிலேயே கிடைக்கும். இல்லாவிட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்தோ பெங்களூர் ஜே.சி. ரோட்டிலிருந்தோ பஸ் பார்சலில் வந்துவிடும். இரண்டு பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் சந்தைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது வேலூருக்கு ஒரு வசதி. வென்டோவுக்கும் இந்த வசதி பாதி உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஃபோக்ஸ்வேகனின் போலோவும் ஸ்கோடாவின் ரேபிடும் அதே சாமான்களைப் பகிர்ந்துகொண்டதால் சில்லறை ஸ்பேர் தட்டுப்பாடு இல்லை. மெக்கட்ரானிக் அப்படியல்ல. புதுசு போட்டால் செலவு லட்சத்தைத் தாண்டும். போட்ட பிறகு கம்ப்யூட்டரை மாட்டி வண்டிக்கு அதைப் பழக்க வேண்டும். அதற்கான ஸ்கேனரும் கைப்பழக்கமும் எல்லா ஷெட்டிலும் இருக்காது.

நண்பர் ஒருவரின் ஐரோப்பிய வண்டி, கம்பெனி பெயர் வேண்டாம், பள்ளிகொண்டா டோல் பக்கத்தில் கியர் ஏறாமல் நின்றது. டோ வண்டியில் ஏற்றி சென்னைக்கு அனுப்பினார். பில்லைவிட அவரை நோகடித்தது, சாமான் வரும் வரை வீட்டில் கார் இல்லாமல் இருந்த நாட்கள்தான். இரண்டாவது கார் வைத்திருக்கும் ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனி முதலாளிகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒற்றைக் காரை வைத்துப் பள்ளிக்கூடம், சிப்காட், ஆஸ்பத்திரி என்று ஓடுகிறவருக்கு அப்படி இல்லை.

அதற்காக ஐரோப்பா என்றாலே ஆகாது என்று சொல்ல மாட்டேன். காட்பாடி ஸ்டேஷன் வாசலில் லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடிய டீசல் ஸ்விஃப்ட் டிசையர் டாக்சியைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் 1.3 லிட்டர் இஞ்சின் இத்தாலியின் ஃபியட் வடிவமைத்தது. அதே இஞ்சினோடு வந்த ஃபியட்டின் சொந்த லீனியாவும் புன்ட்டோவும் சாமானுக்கு அலைந்தே பெயர் கெட்டன. மாருதியின் ஸ்பேர் கடை பின்னால் இருந்ததால் டிசையர் டாக்சி ராஜாவாக ஓடியது. ஜப்பான் பக்கமும் குறையில்லாமல் இல்லை. எரிபொருள் பம்ப் கோளாறுக்காக ஹோண்டா 2024 அக்டோபரில் மட்டும் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பழைய சிட்டி வாங்குகிறவர் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, அந்த வேலை முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும். மாற்றித் தருவது இலவசம்.

அப்புறம் விலை. ஒரே வருடத்து மாடலில் எனக்கு வந்த சிட்டிகள் ஆறரை லட்சத்தை ஒட்டி, வென்டோக்கள் ஐந்துக்குக் கீழே. ஒன்றரை லட்சம் மிச்சம் என்று தோன்றும். அந்த ஒன்றரை லட்சம் ஏறத்தாழ ஒரு மெக்கட்ரானிக் வேலையின் செலவு. கியர்பாக்ஸ் பயத்தைச் சந்தை ஏற்கெனவே விலையில் கழித்துத்தான் விற்கிறது. மைலேஜில் வருடம் ஆறாயிரம் மிச்சம் பிடித்து அந்தச் செலவை ஈடுகட்ட இருபத்தைந்து வருடம் ஆகும். திரும்ப விற்கும்போதும் இதே கதைதான். சிட்டிக்கு ஆள் வரும், வென்டோவுக்கு ஆள் தேட வேண்டும். வேலூரின் டி.என்.23 நம்பரில் ஒரே ஓனர் ஓட்டிய ஆட்டோமேட்டிக் சிட்டி விற்பனைக்கு வந்தால் புரோக்கர் போர்டு மாட்டும் முன்னால் போய்விடுகிறது.

இதே கணக்கை மேனுவல் கியருக்குப் போட்டால் தலைகீழாகிறது. டர்போ இல்லாத 1.6 பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல் வென்டோ கிடைத்தால் அதில் மெக்கட்ரானிக்கும் இல்லை, உலர் இரட்டைக் கிளட்சும் இல்லை. மலிவு விலை அப்படியே லாபம். எனக்கு இடது முழங்கால் ஒத்துழைத்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். புது வண்டி வாங்கும் பட்ஜெட் இருந்தாலும் பேச்சு மாறும். ஸ்கோடா ஸ்லாவியா 1.0, ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் 1.0 இரண்டிலும் 2022-இல் வந்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஜப்பானின் ஐசின் கம்பெனி செய்தது, டார்க் கன்வெர்ட்டர் வகை. குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம் வேறு.

டி.எஸ்.ஜி. வென்டோவே வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால் காலையில் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மதியம் அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி இஞ்சினும் கிளட்சும் நன்றாகச் சூடேறிய பிறகு, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறுகிறதா, சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போது தயங்குகிறதா என்று பாருங்கள். உதறல் இருந்தால், ஓனர் எவ்வளவு விலை குறைத்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.