1,150 பிராங்க் கொடுத்து வாங்கிய ஸ்கீ, மூன்றாவது டூரிலேயே பிய்ந்து வந்தது

சுவிஸில் ஸ்கீ டூர் தொடங்க நினைக்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். நடந்து நாலு நாள்தான் ஆகிறது, கோபம் இன்னும் அடங்கவில்லை. பாரம் குறைந்த ஸ்கீயும், சப்பாத்தை அதில் பூட்டிவைக்கும் பைண்டிங்கும் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

பத்து வருடமாக லிஃப்ட் உள்ள இடங்களில் சறுக்குகிறவன் நான். போன வருடம் வேலைத்தள நண்பர்கள் டூருக்குக் கூட்டிப் போனார்கள். பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் தோல் எனப்படும் பட்டையை ஒட்டி, மலையை நாமே ஏறி, பிறகு தோலைக் கழற்றிவிட்டு இறங்குவது. வாடகை ஸ்கீ ஒரு காலுக்கே இரண்டு கிலோவுக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் அடிக்கு அடி அதை இழுத்துப் பார்த்தவருக்குத்தான் அந்தப் பாடு தெரியும். அதனால் பாரம் குறைந்ததாகச் சொந்தமாக ஒன்று வாங்க நினைத்தேன்.

மலை விளையாட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு கடை. மலிவு விலைப் பொருள்களுக்கென்று பின்னால் தனி மூலை வைத்திருக்கிறார்கள். பெயரை இப்போது எழுத மாட்டேன், விஷயம் இன்னும் முடியவில்லை.

அங்கே இருந்தவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அவசரப்படுத்தவே இல்லை. என் எடை, உயரம், எங்கே போகிறேன் எல்லாம் கேட்டார். எந்த நாடு என்றார். இலங்கை என்றதும் முகம் மலர்ந்தது. சிவனொளிபாத மலையில் இரவிரவாக ஏறி விடியலைப் பார்த்தாராம், வழியில் குடித்த தேநீரை இன்னும் மறக்கவில்லையாம். எனக்குக் கோப்பி போட்டுத் தந்தார். தன் மகளோடு ஒரு மலையுச்சியில் நிற்கும் படத்தைத் தொலைபேசியில் காட்டி, "அவளும் இதே ஸ்கீதான்" என்றார். ஸ்கீயை என் கையில் தந்து, தூக்கிப் பாருங்கள் என்றார். 1,100 கிராம். சிறகு மாதிரி இருந்தது. அந்த இடத்தில்தான் நான் அவரை நம்பினேன்.

நம்பினாலும் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "இதில் யாருக்காவது முன்பு பைண்டிங் பூட்டியிருக்கிறீர்களா?" "இல்லை, போன சீசனில் காட்சிக்கு வைத்தது. பனியே பார்க்காதது. உங்கள் சப்பாத்துக்குத்தான் முதல் துளை போடப்போகிறேன்." சப்பாத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது பைண்டிங் பூட்டி, தோலும் வெட்டித் தயாராக இருந்தது. 1,150 பிராங்க் கட்டினேன். மாதக் கணக்கில் சேர்த்த காசு அது.

இரண்டாவது டூரில் இறங்கும்போது, சாதாரணத் திருப்பம் ஒன்றில் சப்பாத்து தானாகக் கழன்றது. கடைக்கு அழைத்தேன். அதே மனிதர், அதே இனிமையான குரல். "இறங்கும்போது முன்பக்க லீவரை மேலே இழுத்துப் பூட்டிவிடுங்கள், கழராது."

இது எவ்வளவு பயங்கரமான அறிவுரை என்று பிறகுதான் விளங்கியது. டிரோலைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் பார்டெல் 1980களில் உருவாக்கிய ஊசி (pin) பைண்டிங்தான் இன்றைக்கு டூரில் பெரும்பாலும் எல்லோர் காலிலும் இருக்கிறது. சப்பாத்தின் முன்பக்கத்தை இரண்டு சிறு ஊசிகள் இருபக்கமும் பிடித்துக்கொள்ளும். லீவரைப் பூட்டுவது ஏறும்போது கழராமல் இருக்க. பூட்டிக்கொண்டு இறங்கினால் விழும்போது ஸ்கீ கழராது, முழங்கால்தான் முறுகும். பனிச்சரிவில் அகப்பட்டால் கழராத ஸ்கீ ஆளைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். இரண்டு பிள்ளைகளின் தகப்பனிடம் அவர் இதைச் சொன்னார்!

போன ஞாயிறு ரியல்ப் கிராமத்திலிருந்து ஸ்டொட்சிகன் ஃபிர்ஸ்டன் மலை ஏறினோம், கிட்டத்தட்ட 1,200 மீட்டர். டாவோஸ் பனி ஆய்வு நிலையத்தின் பனிச்சரிவு அறிவிப்பில் அன்றைக்கு ஆபத்து ஐந்தில் இரண்டாம் நிலை. இறங்கத் தொடங்கி ஐந்தாறு திருப்பம்கூட இல்லை, இடது ஸ்கீயில் பைண்டிங்கின் குதிகால் பகுதி திருகாணிகளோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மிச்ச மலையைப் பாதி ஒற்றை ஸ்கீயிலும் பாதி தொடைவரை புதைந்து நடந்தும் இறங்கினேன். நண்பர்கள் எனக்காகக் குளிரில் நின்று நின்று வந்தார்கள். கீழே சேர இருட்டிவிட்டது.

மறுநாள் வேறொரு கடையில் ஸ்கீ திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். வலது ஸ்கீயின் பைண்டிங்கையும் கழற்றி எனக்குக் காட்டினார். அடியில் பழைய துளைகள், ஒரு முறை அல்ல, இரண்டு முறை போட்டவை. பிளாஸ்டிக் ஆப்பு அடித்துப் பசையால் மூடி, அவற்றிலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளிப் புதுத் துளை போட்டிருந்தார்கள். குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றார். பாரம் குறைந்த ஸ்கீயின் உள்ளே இருப்பது பவ்லோனியா போன்ற மெல்லிய மரம், திருகாணி பிடிக்க அங்கே இருக்கும் இடமே கொஞ்சம். அதற்குள் தண்ணீர் வேறு இறங்கி மரம் பஞ்சாகிவிட்டது. சப்பாத்தின் குதிகாலுக்கும் பைண்டிங்குக்கும் இடையில் விடவேண்டிய இடைவெளியும் பிழை. இரண்டாம் டூரில் கழன்றது அதனால்தான்.

படங்களோடு கடைக்குப் போனேன். கோப்பி தந்த மனிதர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதலாளி விடுமுறையில், திங்கள் வாருங்கள் என்றார். மின்னஞ்சல் போட்டேன், "கல்லில் மோதியிருப்பீர்கள்" என்று பதில். கல் எப்படி ஸ்கீயின் மேல்பக்கத்தில் துளை போடும்? திரும்ப அழைத்தேன். பற்றுச்சீட்டைப் பார்க்கச் சொன்னார்கள். அடியில் சின்ன எழுத்தில் ஜேர்மன் மொழியில் இருக்கிறது: பாவித்த பொருள், உத்தரவாதம் இல்லை. பனியே பார்க்காதது என்று வாயால் சொன்னவர் சீட்டில் பாவித்தது என்று அடித்திருக்கிறார்! கடைசியாக, "நல்லெண்ணத்துக்காக" 100 பிராங்க் கூப்பன் தருவார்களாம், அதுவும் அவர்கள் கடையிலேயே செலவழிக்க. போனது 1,150 பிராங்க்.

இன்றைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். குறையைத் தெரிந்தே மறைத்து விற்றால் உத்தரவாதம் இல்லை என்று எழுதிக்கொண்டது செல்லாது, இங்கத்தைய கடப்பாட்டுச் சட்டத்தின் (ஒப்பந்தங்கள் பற்றியது) 199ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பதில் வராவிட்டால் சமரசச் சபைக்குப் போவேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். காட்சிக்கு வைத்தது என்றாலும் பைண்டிங் பூட்டும் முன் வெறும் ஸ்கீயை உங்கள் கண்ணால் பாருங்கள். பாவித்தது என்றால் பைண்டிங்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். இருநூறு கிராமுக்குக் குறைந்த பைண்டிங் அநேகமாகப் போட்டிக்காரர்களுக்கானது, பலவற்றில் கழரும் அளவை, அதாவது எவ்வளவு விசையில் சப்பாத்து கழரவேண்டும் என்பதை, மாற்றவே முடியாது. புதிதாகத் தொடங்குகிறவர் நூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை, அளவு மாற்றக்கூடியதாக எடுங்கள். வாயால் சொன்னதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். குறை கண்டால் அன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள், தாமதித்தால் உரிமை போய்விடும். இணையத்தில் வாங்கினால் 14 நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், சுவிஸில் அப்படிச் சட்டம் கிடையாது.

துளைகளின் படங்கள் என்னிடம் இருக்கின்றன. இந்தக் கிழமை ஸ்கீ வாங்கப் போகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.