சங்கமா, நிர்வாகமா, நடுநிலையா: தொழிலுறவுச் சட்டத்தில் எந்தப் பக்கம்?

தொழிலாளர்-நிர்வாகத் தகராறுகளைக் கையாளும் இந்தச் சட்டத்தைப் படித்தவர் தொழிற்சங்கத்துக்கு வக்கீலாகலாம், நிர்வாகத்துக்கு வக்கீலாகலாம், அல்லது இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம். சம்பளம் பொதுவாக நிர்வாகத் தரப்பில்தான் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடலாம். மற்ற விஷயங்களில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சங்க வக்கீலுக்குக் கட்சிக்காரர் ஒரு கூட்டம். பணிநீக்கம் ஆனவர் வழக்கைக் கடைசிவரை நடத்தச் சொல்வார். செயற்குழுவோ அதை விட்டுக்கொடுத்து ஊதிய ஒப்பந்தத்தை முடிக்கப் பார்க்கும். யாருக்காக ஆஜராகிறோம் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. கெடு தவறுவது இன்னொரு தலைவலி. அமெரிக்காவில், நியாயமற்ற தொழிலுறவு நடவடிக்கை பற்றித் தேசியத் தொழிலுறவு வாரியம் என்ற அரசு அமைப்பிடம் அது நடந்த 6 மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். சங்கமும் நிர்வாகமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்களில் குறையை முறையிடுவதற்கான கெடுவோ பெரும்பாலும் நாள் கணக்கில்தான். தொழிலாளி சங்கத்துக்கு வந்து சேர்வதற்குள் அது முடிந்திருக்கும். ஆனால், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு இளையவர்களுக்கு இங்கே சீக்கிரம் வரும்.

நிர்வாகத் தரப்பில் வழக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை. அதற்குச் சட்டத்தைவிடக் கணக்கு முக்கியம். அடிப்படைச் சம்பளத்தை 5 சதவீதம் உயர்த்தினால் ஓவர்டைமும் விடுப்புச் சம்பளமும் கூடவே ஏறும். பணிக்கொடையைக் கடைசிச் சம்பளத்தில் கணக்கிடும் இடங்களில், 20 வருடம் வேலை பார்த்தவருக்கு அந்த 20 வருடத்துக்கும் சேர்த்து 5 சதவீதம் கூடும். இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் பின்னால் கழுத்தைப் பிடிக்கும்.

அடுத்தது உள்விசாரணை, அதாவது தவறு செய்ததாகச் சொல்லப்படும் தொழிலாளியை நிறுவனமே விசாரிப்பது. குற்றம் உண்மையாகவே நடந்திருந்தும் பணிநீக்கம் ரத்தாவதற்குக் காரணங்கள் திரும்பத் திரும்ப இவைதான்: புகார் கொடுத்தவரே விசாரணை அதிகாரியாக உட்கார்வது, குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் இல்லாத ஒன்றுக்குத் தண்டிப்பது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடாதது. 'எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே' என்று மேலாளர் அவசரப்படுத்தும்போது, பொறுங்கள் என்று சொல்லத் தெரிந்தவருக்கே இந்த வேலை ஒத்துவரும்.

நடுநிலையில் இரண்டு வகை. சமரச அலுவலர் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பையும் தனித்தனி அறையில் பார்த்து, யார் எதுவரை இறங்கிவருவார்கள் என்று கண்டுபிடிப்பவர். ஓர் அறையில் சொன்னதை அனுமதியில்லாமல் அடுத்த அறையில் உளறினால் அத்தோடு நம்பிக்கை போயிற்று. நடுவர் தீர்ப்புச் சொல்பவர். அவரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறையில், பட்டியலிலிருந்து மாறி மாறிப் பெயர்களை அடித்துக்கொண்டே வந்து மிஞ்சுபவரை எடுப்பதுண்டு. அனுபவமில்லாதவர் பெயர் முதல் சுற்றிலேயே போய்விடும். ஆகவே நேராக நடுவராகலாம் என்று கிளம்ப வேண்டாம்.

படித்து முடித்தவர் முதலில் ஏதாவது ஒரு தரப்பில் சில வருடங்கள் இருப்பதே சரி. அரசு சமரசப் பிரிவில் இடம் கிடைத்தால் அதுவும் நல்ல பள்ளிக்கூடம். பக்கம் மாறலாம், பலர் மாறியிருக்கிறார்கள். ஆனால், பழைய கட்சிக்காரருக்கு எதிராக அதே விவகாரத்திலோ அதோடு நெருங்கிய தொடர்புள்ள விவகாரத்திலோ அவர் சம்மதமில்லாமல் பொதுவாக ஆஜராக முடியாது. எந்தெந்தக் கோப்பைத் தொட்டோம் என்று ஆரம்பத்திலிருந்தே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.